மார்ஜரி முணுமுணுக்கட்டும்

அவையின் நடுவே அமர்ந்து, என்னையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் கழகத் தலைவர் திரு. லெஸ்லி ஆம்ப்ளர் அவர்களே! அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, நான் பேசப்போவதை நினைத்து இப்போதே நெற்றியைத் தடவிக்கொண்டிருக்கும் செயலாளர் திருமதி முரியல் தாக்ரே அவர்களே! அகவை கூடக் கூட அகராதியும் கூடும் என்று காட்டிக்கொண்டிருக்கும் ஆன்றோர்களே! அடைமழையிலும் மேட்டுத் தெரு ஏறி வந்து, பின்மேசையில் இஞ்சிக் கேக்கை அழகாக அடுக்கி வைத்திருக்கும் அன்புத் தாய்மார்களே! முன்வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் திரு. டெஸ்மண்ட் பிக்கிள்ஸ் அவர்களே! உங்களையும் சேர்த்துத்தான் வணங்குகிறேன், முறைக்காதீர்கள். உங்கள் எல்லோருக்கும் ஹில்டா பாராக்ளஃபின் மாலை வணக்கம்.

எல்லோரையும் வணங்கிவிட்டேன். ஒருவரை மட்டும் வணங்கவில்லை. வணங்க மனமில்லாமல் அல்ல. வணங்குவதற்கு அவர் இங்கே இல்லை. அதோ, சன்னலோரம் மூன்றாம் மேசை. அந்த நாற்காலியில் அமர்ந்து, இந்த ஆக்கன்ஷா சொல்லாட்டக் கழகத்துக்குப் பள்ளத்தாக்குக் கோப்பையைப் பலமுறை வாங்கித் தந்த மார்ஜரி ஹோல்ராய்ட் எங்கே? அவருடைய கணவர் கிளிஃபோர்ட் வந்திருக்கிறார். கதவோரமாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கணவர் வந்த கூட்டத்துக்கு மனைவி ஏன் வரவில்லை? அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன். சொல்லி முடிக்காமல் இறங்கமாட்டேன். மணியடிக்க வேண்டாம் தலைவரே, எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இன்றைக்கு நம் முன்னே ஒரு தீர்மானம் இருக்கிறது. ஆட்ட மேசையில் எவரும் ஒலி எழுப்பக்கூடாது. எழுப்புகிறவர் இனிப் பார்வையாளராக மட்டுமே வரலாம். எவ்வளவு நாகரிகமான தீர்மானம்! அதில் யார் பெயரும் இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை. பார்த்தால் நூலகத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் போலச் சாதுவாக இருக்கிறது. ஆனால் நான் கேட்கிறேன், இந்த அறையில் ஒலி எழுப்பாதவர் யார்? டெஸ்மண்ட் யோசித்தால் நாற்காலி கிறீச்சிடும். முரியல் யோசித்தால் மிட்டாய்க் காகிதம் சரசரக்கும். நம் தலைவர் யோசித்தால் தொண்டையைக் கனைப்பார். அந்தக் கனைப்பில் அடுத்த மேசையின் பலகையில் அடுக்கிய எழுத்துக் கட்டைகள் அதிரும். நான் யோசித்தால் திட்டுவேன், அது ஊருக்கே தெரியும். இதற்கெல்லாம் வராத தீர்மானம் இப்போது எதற்கு வந்தது? நோயிலிருந்து மீண்டு வந்த ஒரு பெண்ணின் முணுமுணுப்புக்கு வந்தது. அதற்குப் பெயர் கோழைத்தனம்.

மார்ஜரியை அறியாத புதிய உறுப்பினர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். அவர் இந்த ஊரின் பல் மருத்துவர். இந்த அறையில் அவர் முன்னே வாயைத் திறக்காதவர் யார், கை தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா? புதியவர்களைத் தவிர ஒரு கை எழவில்லை. ஊசி என்றால் ஓடிப்போகிற ஆண்பிள்ளைகளை எல்லாம் உட்கார வைத்து, உலகக் கதை பேசி, வலி தெரியாமல் பல் பிடுங்கியவர் அவர். ஊரின் வாயை எல்லாம் திறந்தவர். அந்த மார்ஜரியின் வாயைத்தான் நாம் இன்று மூடப் பார்க்கிறோம்!

இளவேனிலில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை திரும்பிவிட்டது, கால் திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரியும். நாம் பேசும் அபத்தமும் சேர்த்தே புரியும். சொல்ல வேண்டிய சொல் மட்டும் நாவுக்கு வராது. தேநீர்க் கோப்பையைப் பார்ப்பார், கோப்பை என்று வராது. கணவரைப் பார்ப்பார், கிளிஃபோர்ட் என்று வராது.

அந்த வீட்டுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஷாசியா என்று ஓர் இளம்பெண் வந்தார். முதல் நாளே அவர் கிளிஃபோர்டிடம் சொன்னது இது: "சார், முழு வார்த்தையையும் நீங்களே சொல்லிடாதீங்க. முதல் சத்தத்த மட்டும் எடுத்துக் கொடுங்க. மிச்சம் அவங்ககிட்டயே இருக்கு." மிச்சம் அவங்ககிட்டயே இருக்கு! அன்றிலிருந்து காலை உணவு மேசையில் அந்த மனிதர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முதல் ஒலியை எடுத்துக் கொடுப்பார். மார்ஜரி முடித்து வைப்பார். சில நாள் முடிப்பார். சில நாள் ரொட்டி ஆறிப்போகும்.

அவையோரே, தொடக்க எழுத்துகளின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? நாம் வளர்ந்ததே அவற்றில்தானே! நம் கழகத்தின் வழக்கம் என்ன? செவ்வாய்தோறும் முதல் ஆட்டம் முடிந்ததும் தலைவர் மூன்று எழுத்துகளைச் சொல்வார். வட்டமாக நின்று ஆளுக்கொரு சொல் சொல்ல வேண்டும், அந்த எழுத்துகளில் தொடங்கும் சொல்லாக. சொல் கிடைக்காமல் விழிப்பவர் போய்த் தேநீர் போட வேண்டும். அப்படித்தான் நாம் சொற்களைக் கூட்டம் கூட்டமாகக் கற்றோம். ஒரே தொடக்கத்தில் பிறந்த சொற்கள் ஒரு குடும்பம். அண்ணனைக் கூப்பிட்டால் தம்பியும் வருவான், தங்கையும் வருவாள், தூரத்து உறவும் பெட்டியோடு வந்து இறங்கும். அந்தச் சுற்றில் மார்ஜரி எத்தனை முறை தேநீர் போட்டிருப்பார்? யாருக்காவது நினைவிருக்கிறதா? அவர் போட்ட தேநீரை நாம் குடித்ததே இல்லையே!

இலையுதிர் காலத்தில் அவர் திரும்பி வந்த முதல் செவ்வாய். நீங்களும் இருந்தீர்கள், நானும் இருந்தேன். தலைவர் எழுத்துகளைச் சொன்னார்: ஓ, யூ, டி. நமக்குப் பிடித்த குடும்பம், பெரிய குடும்பம். ஒருவரை மிஞ்சுவது எதுவானாலும் ஆங்கிலத்தில் இந்த மூன்று எழுத்தை முன்னால் வைத்தால் போதும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். நினைத்துத் தொலைவார்கள். சிலது உண்டு, சிலது இல்லை. எது உண்டு எது இல்லை என்று அறிவதுதானே நம் பிழைப்பு! முரியல் ஒன்று சொன்னார். டெஸ்மண்ட் ஒன்று சொன்னார். நான் ஒன்று சொன்னேன். மார்ஜரியின் முறை வந்தது. நம் தலைவர் பெருந்தன்மையாக, "அடுத்து நீங்க சொல்லுங்க" என்று பக்கத்து ஆளைப் பார்த்தார். மார்ஜரி கையைத் தூக்கினார்.

பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்? "அவுட்" என்றார். கொஞ்சம் நின்றார். "அவுட்சிங்" என்றார். ஒருவரை விஞ்சிப் பாடுவது. "அவுட்வீப்" என்றார். விஞ்சி அழுவது. "அவுட்பார்க்" என்றார். விஞ்சிக் குரைப்பது. விஞ்சி ஆடுவது, விஞ்சிச் சிரிப்பது, விஞ்சித் தூங்குவது, விஞ்சித் தொழுவது என்று வந்துகொண்டே இருந்தது. மாதக்கணக்கில் மூடிக்கிடந்த வாயிலிருந்து அத்தனை சொல்! தொடக்கம் அவர் கைக்கு மாடிப்படியின் கைப்பிடி மாதிரி இருந்தது, பிடித்துக்கொண்டு ஏறினார். கிளிஃபோர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் அழுதேன். ஏன், டெஸ்மண்ட், நீங்களும்தான் மூக்கைச் சிந்தினீர்கள். சளி என்று சொல்லாதீர்கள்.

அந்த மகிழ்ச்சியில் முரியல் போய்க் கேட்டார்: "மார்ஜரி, டீ குடிக்கிறியா கண்ணு?" மார்ஜரி கெட்டிலைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. விரலால்தான் காட்டினார். இப்போது புரிகிறதா, அன்பர்களே? இந்த ஊரில் அவருக்குச் சொல் கிடைக்கிற இடம் எது? கடையில் கிடைக்கவில்லை, பேருந்தில் கிடைக்கவில்லை, தன் வீட்டு அடுப்படியில் பாதி நாள் கிடைக்கவில்லை. இந்த அறையில்தான் கிடைக்கிறது! இந்த மேசையில்தான் கிடைக்கிறது! அதிலிருந்துதான் நாம் அவரை எழுப்பிவிடுகிறோம்.

எப்படி எழுப்பினோம்? அதையும் கேளுங்கள்.

போன மாதம் கோப்பை அணிக்கான தேர்வாட்டம். மார்ஜரிக்கு எதிரே டெஸ்மண்ட். மார்ஜரி தன் எழுத்துகளைப் பார்க்கிறார். வீட்டில் செய்வதைப் போலவே தொடக்கத்தை மெல்ல முணுமுணுக்கிறார். "அவுட்… அவுட்…" இப்போது சட்டம் பேசுகிற கனவான்களைக் கேட்கிறேன்: அந்த முணுமுணுப்பால் நட்டம் யாருக்கு? தன்னிடம் என்ன எழுத்து இருக்கிறது என்று அவரே எதிராளிக்குச் சொல்கிறார். சீட்டாட்டத்தில் தன் சீட்டை எல்லாம் திருப்பி வைத்துவிட்டு ஆடுவதற்குச் சமம் அது. பலகையில் வலப்பக்கம் ஒரு வரிசை திறந்து கிடக்கிறது. ஒரு சின்னச் சொல்லை வைத்து அதை அடைத்திருந்தால் போதும், மார்ஜரிக்கு வழியே இல்லை. டெஸ்மண்ட் அடைத்தாரா? அடைக்கவில்லை. ஏன் அடைக்கவில்லை?

ஏனென்றால் டெஸ்மண்ட் நம்பவில்லை! இந்தக் கழகத்தில் எதிராளி முணுமுணுத்தால் அது ஏமாற்று வேலை என்றுதான் நமக்குப் பழக்கம். கை நிறைய உயிரெழுத்தை வைத்துக்கொண்டு, "அட போங்கப்பா, ஒரு உயிரெழுத்துகூட வரமாட்டேங்குது" என்று பெருமூச்சு விடுகிறவர் யார்? நான் பெயர் சொல்லமாட்டேன், அவர் முன்வரிசையில் இருக்கிறார். இல்லாததை இருப்பதாகச் சொல்லிச் சொல்லி, இருப்பதை ஒருவர் உள்ளபடி சொன்னபோது அவருக்கு நம்பத் தெரியவில்லை. மார்ஜரி பொய் சொல்கிறார் என்று நினைத்து வேறெங்கோ ஆடினார்.

மார்ஜரி ஏழு எழுத்தையும் இறக்கினார். "அவுட்சல்க்." ஒருவரை விஞ்சி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது!

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. "அப்படியெல்லாம் ஒரு வார்த்தை கெடையாது. உங்களுக்கு உடம்பு சரியில்ல, அதான் ஏதோ வைக்கிறீங்க" என்றார். எதிர்த்தார். இருவரும் சன்னலோரக் கணினிக்கு நடந்து போனார்கள். சொல்லைத் தட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. நம் வழக்கப்படி, தப்பாக எதிர்த்தவர் ஒரு முறை ஆடாமல் இருக்க வேண்டும். இருந்தார். அந்தச் சொல்லின் பொருள் தெரியாதவர்கள் அன்று முழுவதும் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

தோற்ற பிறகுதான் ஐயாவுக்குக் காது கேட்டது! "முணுமுணுக்கிறாங்க, என்னால யோசிக்க முடியல" என்று புகார் போனது. ஆட்டம் நடக்கும்போது கேட்காத சத்தம் ஆட்டம் முடிந்ததும் எப்படிக் கேட்டது? வென்றிருந்தால் கேட்டிருக்குமா? உங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

சரி, டெஸ்மண்டை விடுங்கள். தோற்றவர் புலம்புவார், ஆட்டம் என்றால் அப்படித்தான். என் கோபம் அவர்மேல் கொஞ்சம்தான். மிச்சக் கோபம் எல்லாம் நல்ல மனம் படைத்தவர்கள்மேல். அடுத்த வாரம் மார்ஜரி கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, கோட்டுத் தாங்கியின் பக்கத்தில் நம் செயலாளர் அவர் தோளைத் தொட்டுச் சொன்னார். நான் பின்னாலேயே நின்றேன், ஒரு சொல் விடாமல் கேட்டேன். "தப்பா எடுத்துக்காத கண்ணு. அடுத்த வாரத்துலேர்ந்து நீ சும்மா வந்து உக்காந்து பாரேன். ஒனக்கும் சிரமம் இல்ல. கோப்பை ஆட்டம் வேற வருது. வெளியூர்க்காரங்க முன்னாடி நீ தோத்து நிக்கிறத எங்களால பாக்க முடியாதும்மா."

மார்ஜரி அவரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என்ன முரியல்? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும். "நல்லதுக்குத்தான் சொன்னேன் ஹில்டா" என்கிறீர்கள். எனக்குத் தெரியும். நீங்கள் கெட்டவர் அல்ல. என் அறுவைச் சிகிச்சையின்போது ஒரு வாரம் என் பூனைக்குச் சோறு வைத்தவர் நீங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். பழைய மார்ஜரியிடம் இப்படிச் சொல்லியிருப்பீர்களா? சொல்லியிருந்தால் அந்தக் கோட்டுத் தாங்கி இன்று அங்கே நின்றிருக்குமா? உடனே பதில் சொல்ல முடியாதவர் என்று தெரிந்துதான் அந்த நேரத்தில், அந்த இடத்தில் சொன்னீர்கள். சொன்னது அன்பாகவே இருக்கட்டும். எதிர்த்துப் பேச முடியாதவரிடம் மட்டும் காட்டுகிற அன்புக்கு நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன். தாய்மார்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

முணுமுணுத்து வென்றுவிடுகிறார் என்கிறீர்கள். அடுத்த மூச்சில், பாவம், தோற்றுவிடுவார் என்கிறீர்கள். எது உண்மை? வெல்வதால் விரட்டுகிறீர்களா? தோற்பதால் விரட்டுகிறீர்களா? வென்றாலும் குற்றம், தோற்றாலும் குற்றம் என்றால், குற்றம் ஆட்டத்தில் இல்லை ஐயா! பக்கத்தில் உட்கார நமக்குக் கூசுகிறது, அவ்வளவுதான். நமக்கும் நாளை இப்படி ஆகுமோ என்கிற பயத்தை அவர் முகத்தில் பார்க்கிறோம். பயம் நமக்கு, தண்டனை அவருக்கா?

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். "செவ்வாக்கிழமை கூட்டத்துக்கு வா மார்ஜி, முன்னாடி வந்து உக்காரு. ஒன்னப் பாத்தா அந்தத் தீர்மானத்துக்கு ஒருத்தனும் கை தூக்கமாட்டான்" என்றேன். தலையை ஆட்டினார், வரமாட்டேன் என்று. ஏதோ சொல்ல வந்தார், வரவில்லை. நான் தொடக்கம் எடுத்துக் கொடுத்தேன். எடுத்துக் கொடுப்பது என்றால் எளிதென்று நினைக்கிறீர்களா? அவர் என்ன சொல்ல வருகிறார் என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டுமே! ஜெயிக்கணும் என்று சொல்ல வருகிறார் என்று நினைத்து "ஜெ…" என்றேன். இல்லை. கோப்பை என்று நினைத்துக் "கோ…" என்றேன். இல்லை. டெஸ்மண்ட் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து "மன்…" என்றேன். கையை வீசி என்னை வாயை மூடச் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தது எல்லாம் என் ஆசை. அவருடைய சொல் அதில் இல்லை.

எழுத்துப் பையை எடுத்தார். மேசையில் கொட்டினார். துழாவி இரண்டு எழுத்தை மட்டும் என் முன்னே வைத்தார். தொடக்கத்தை அவரே கொடுத்துக்கொண்டார், அவரே முடித்தார்.

"தோக்கணும்."

எனக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்ற?" என்றேன். மறுபடி உதட்டைக் கூட்டி, மூச்சைச் சேர்த்துச் சொன்னார்: "நானும்… தோக்கணும். மேசையில."

அவையோரே, நான் அணித் தலைவி. எத்தனையோ பேருக்கு வெற்றியைப் பற்றி வகுப்பெடுத்தவள். அந்த அடுப்படியில் மார்ஜரி எனக்கு வகுப்பெடுத்தார். பார்வையாளர் தோற்பதே இல்லை. பார்வையாளருக்குத் தேநீர் கிடைக்கும், கேக் கிடைக்கும், பரிதாபம் தட்டு நிறையக் கிடைக்கும். தோல்வி மட்டும் கிடைக்காது. தோற்பதற்கு எதிரே ஓர் ஆள் உட்கார வேண்டும். மார்ஜரி தன்னை வென்றுவிடக்கூடும் என்று அந்த ஆள் நினைக்க வேண்டும். நம்மிடம் அவர் கேட்பது கோப்பை அல்ல, சலுகை அல்ல, இரக்கம் அல்லவே அல்ல. நீங்களும் நானும் செவ்வாய்தோறும் தோற்றுவிட்டுத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகிறோமே, அந்தத் தோல்வியில் தன் பங்கைக் கேட்கிறார். அதைக்கூடக் கொடுக்க மறுக்கிற கழகத்துக்குக் கோப்பை எதற்கு? கொண்டுபோய் ஆற்றில் போடுங்கள்!

தீர்மானத்தில் நான் ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன். மார்ஜரி ஹோல்ராய்ட் முணுமுணுத்து ஆடலாம். கேட்க விரும்பாதவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான், வேறு அலங்காரம் கிடையாது. இது தோற்றால் அணித் தலைமைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மிரட்டுகிறாயா என்று யாரோ கேட்கிறீர்கள். ஆமாம், மிரட்டுகிறேன்.

கதவோரம் நிற்கிற அந்த மனிதரை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். இந்த வாக்கெடுப்பின் முடிவை அவர்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாதக்கணக்காக மனைவிக்கு முதல் ஒலி எடுத்துக் கொடுத்தே பழகியவர். நீங்கள் அவரைக் கைவிட்டால், அந்தச் செய்தியை மனைவியிடம் சொல்ல அவருக்கு யார் எடுத்துக் கொடுப்பது? என் திருத்தத்துக்குக் கை தூக்குங்கள். தூக்கிய கைகளை அவர் எண்ணட்டும். தூக்காத கைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்க முடியாமல் கேட்டவர்களுக்கு இன்னும் பெரிய நன்றி. வணக்கம்.